கடைக் கண்ணாடிக்குள் ஓடும் பள்ளத்தாக்கு

என் அன்பான ஸஹ்ராவின் வாப்பாவுக்கு,

உங்கள் மீது ஸலாம். நம்முடைய ஊரில் பெண்கள் மையவாடிக்கு வருவதில்லை. வரலாமென்றிருந்தால் உங்களை அடக்கிய இடத்தில், தலைமாட்டில் நின்று நேரே கேட்டிருப்பேன். முடியாதபடியால் எழுதுகிறேன். பெயருக்குத்தான் இது உங்களுக்கு. ஊரும் வாசிக்கட்டும் என்றே எழுதுகிறேன். ஊர் என்னைப் பற்றிக் கதைப்பதை நான் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன்? நான் உங்களோடு கதைப்பதை ஊரும் கொஞ்சம் கேட்கட்டும்.

முதலில் செய்தியைச் சொல்கிறேன். நம்முடைய கம்பியூட்டர் கடை திறந்திருக்கிறது. உங்கள் கதிரையில் நான்தான் இருக்கிறேன். தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால் உங்கள் பள்ளத்தாக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. விக்கி விக்கித்தான் ஓடுகிறது, ஏனென்று பிறகு சொல்கிறேன். ஆனால் ஓடுகிறது.

பள்ளத்தாக்கு என்றால் வாசிக்கிறவர்களுக்கு விளங்காது. கல்முனையில் ஏது பள்ளத்தாக்கு? ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல், இடையில் நாங்கள். ஏறி நின்று பார்க்க ஒரு மேடுகூட இல்லாத இந்த ஊரில் நீங்கள் மட்டும் எங்கிருந்தோ ஒரு மலைநாட்டைக் கொண்டுவந்து கடைக்குள் இறக்கிவிட்டீர்கள்.

கம்பியூட்டரைக் கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் திரையில் தானாக ஏதாவது வரும். ஸ்க்ரீன் சேவர் என்பார்கள். மற்றவர்களின் கடையில் மீன் நீந்தும், இல்லாவிட்டால் கடையின் பெயர் மூலைக்கு மூலை முட்டிக்கொண்டு திரியும். நம்முடைய கடையில் மலை வரும், மழை வரும், மலைச்சரிவு முழுக்கப் புல் காற்றில் சாயும். திரையில் படம் வரைகிற கிராபிக்ஸ் காட் எவ்வளவு பாரம் இழுக்கும் என்று சோதிக்கிறதுக்காகச் செய்த டெமோ அது. புதுக் காட் வாங்குகிறவன் ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிட்டு மூடிவிடுவான். நீங்கள் அதைப் பிடித்து, எல்லா செட்டிங்கையும் உச்சத்தில் வைத்து, கடையில் இருந்த ஒவ்வொரு மெஷினிலும் ஸ்க்ரீன் சேவராகப் போட்டீர்கள். ஒரு மனிசன் செய்கிற வேலையா அது?

"நல்ல வீடியோ" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், திருத்தும் வேலையைப் போட்டுவிட்டு எழும்பி வந்துவிடுவீர்கள். "வீடியோ இல்ல தம்பி. வீடியோ எண்டா எடுத்து வச்சதத் திருப்பிக் காட்டும். இது இப்ப வரையுது. இந்த மழ இப்பதான் பெய்யுது" என்பீர்கள். வந்தவன் பிரிண்டருக்கு மை வாங்க வந்திருப்பான், பாவம்.

கடை நம்முடைய வீட்டு முன்னறைதான் என்றாலும், மெஷின்களின் காற்றாடிகள் போடும் சத்தத்தில் நான் உள்ளறையிலிருந்து கத்தினால்தான் உங்களுக்குக் கேட்கும். "என்ன காக்கா, உள்ளுக்க நெல்லுக் குத்துறீங்களா?" என்று, உங்களை அண்ணன் முறையில் கூப்பிட்டு, தெருவில் போகிறவர்கள் கேட்பார்கள். மாரி காலத்தில் ஒரு சாம்பல் பூனை வந்து பெரிய மெஷினின் பின்பக்கச் சூட்டில் படுத்துக்கொள்ளும். அதற்கு மட்டும் உங்கள் மேல் ஒரு முறைப்பாடும் இல்லை.

விசயம் தெரிந்தவர்களும் வந்தார்கள். இப்போது வருகிற திரைகளுக்கு ஸ்க்ரீன் சேவரே தேவையில்லை, பழைய கண்ணாடிப் பெட்டித் திரைகளுக்குத்தான் அது வேண்டும் என்று படித்த பிள்ளைகள் எடுத்துச் சொல்வார்கள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு நீங்கள் ஒரே ஒரு வார்த்தை சொல்வீர்கள்.

"தேவைக்கா போடுறம்?"

உங்கள் தம்பி றியாஸுக்கு மட்டும் வேறு விளக்கம். அவருக்கு வயல்தான் உலகம், காரணம் இல்லாமல் ஒரு வாளித் தண்ணீரும் திறக்காத மனிசன். "காக்கா, கரண்ட்ட இப்பிடிச் சும்மா எரிக்கலாமா?" என்று கேட்டபோது, "மாரிக்க கடக்கரை ஊர்ல மெஷின் சும்மா கிடந்தா உப்புக் காத்துத் திண்டுரும்டா. சூடா இருந்தா ஈரம் உள்ள போகா" என்றீர்கள். அது பொய்யில்லை. ஆனால் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தீர்களே, அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். ஈரம் உங்களுக்குச் சாட்டு. நீங்கள் பார்க்கத்தான் போட்டீர்கள்.

வீண்விரயம் என்று சொன்னவர்களுக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. கலியாண வீடென்றால் தெருவின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை நம்முடைய ஊர் மின்குமிழ் கட்டும். சோறு தின்று முடித்து எல்லோரும் போன பிறகும் வெறுந்தெருவுக்கு அது மினுங்கிக்கொண்டே கிடக்கும். அப்போது யாரும் வீண்விரயம் என்று வாய் திறந்து நான் கேட்கவில்லை. நாட்டில் கரண்ட் இல்லாமல் எல்லோரும் தவித்த அந்தக் கோடையில், கரண்ட் இருந்த நேரத்திலும் இவர் தானாகவே எல்லாத் திரையையும் கறுப்பாக்கி வைத்தார். "ஆசுபத்திரிக்குப் போற கரண்ட் இது, நம்மட மலைக்கு இப்ப அவசரமில்ல" என்றார். அந்தக் கணக்குத் தெரிந்த மனிசனைத்தான் விரயக்காரர் என்றீர்கள்.

பாருங்கள், உங்களுக்கு எழுதத் தொடங்கி ஊரோடு சண்டைக்குப் போய்விட்டேன்.

நீங்கள் போன அந்தக் காலையைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மாரி தொடங்கவில்லை, வானம் மூடிக் கிடந்தது. கடையைத் திறந்து, மெஷின்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு, "இஞ்ச பாருங்க, ஒரு தேத்தண்ணி" என்று குரல் கொடுத்தீர்கள். நான் இஞ்சி தட்டிப் போட்டுக்கொண்டு வந்தேன். வரும்போதே எல்லாத் திரையிலும் பள்ளத்தாக்கு வந்திருந்தது. கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால்தானே அது வரும்? கதிரையில் சாய்ந்திருந்தீர்கள். கை மவுஸின் பக்கத்தில் கிடந்தது. மேசைத் திரையில் அந்த அருவி, கல்லிடுக்கிலிருந்து விழுகிற வெள்ளை அருவி, உங்களுக்குப் பிடித்த இடம், அது விழுந்துகொண்டிருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? கண் திறந்துதான் இருந்தது. தேத்தண்ணிக் கோப்பையை எங்கே வைத்தேனென்று இன்றைக்கும் எனக்கு நினைவில்லை. ஆனால் அருவி நினைவிருக்கிறது.

பிறகு வீடு நிறைந்துவிட்டது. றியாஸ்தான் எல்லாம் பார்த்தார். அழுதுகொண்டே ஓடி ஓடிப் பார்த்தார், அதை நான் மறுக்க மாட்டேன். ஓடிய ஓட்டத்தில் அவர் செய்த முதல் வேலை, மெஷின்களை எல்லாம் அணைத்தது. மவுத்து வீட்டில், துக்க வீட்டில், நாம் ரெலிவிசனே போடுவதில்லை, மலையும் மழையும் ஓடலாமா? அணைத்துவிட்டு, தூசு படாமல் இருக்கட்டும் என்று வெள்ளைச் சீலை வாங்கிவந்து ஒவ்வொன்றையும் மூடினார். கதவிடுக்கால் பார்த்தபோது உங்களுக்குச் சுற்றியது போல அவற்றுக்கும் கபன் துணி போட்ட மாதிரி இருந்தது. வீட்டுப் பக்கக் கதவையும் சேர்த்துக் கடையைப் பூட்டி, பூட்டின் திறப்பை அவரே கொண்டுபோனார்.

நான் இத்தாவில் இருந்தேன். புருசனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கிற காலம். என் மூத்த சகோதரி, உங்களுக்குத் தெரியாத ஆளா, ராத்தா வந்து என்னோடு தங்கினா. மாரி இடி முழக்கத்தோடு தொடங்கியது. சுவரில் கை வைத்தால் ஈரம். எனக்கு உங்கள் மெஷின்களின் நினைவு வந்தது.

றியாஸ் வாரத்துக்கு வாரம் அரிசியும் சாமானும் கொண்டுவந்து தருவார். மச்சினன் முறை, இத்தாக்காரியின் முகம் பார்க்க முடியாது. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.

"தம்பி, கடைய ஒருக்காத் துறந்து மெஷினுகளப் போட்டு விடுங்க. மாரி புடிச்சிட்டு. ஈரம் ஏறினா எல்லாம் பழுதாப் போயிடும். ஒங்கட காக்கா சொல்லுவாரே."

றியாஸ் சாமானைக் கீழே வைத்தார். பிறகு ராத்தாவிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. "மதினி கவலையில கதைக்கா. நீங்க கொஞ்சம் ஓதிப் பாருங்க."

ஒருதரம் இல்லை, வந்த நேரமெல்லாம் சொன்னேன். ஓதிப் பார்க்கத்தான் சொன்னார். ஓதினேன். ஓதுவதற்கும் உப்புக் காற்றுக்கும் என்ன சம்பந்தம்?

ஆனால் என் உள்ளறைக்குள் யாரும் வர முடியாது, இல்லையா? இத்தா அந்த மட்டில் எனக்கு ஒரு கோட்டையாக இருந்தது. என்னுடைய பழைய மெஷின், கலியாண அழைப்புக் காட்டும் கேள்வித்தாளும் நான் அடிக்கிற அந்தக் கிழட்டு மெஷின், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது. அதிலும் பள்ளத்தாக்கைப் போட்டு வைத்திருந்தீர்களே, நினைவிருக்கிறதா? அதன் கிராபிக்ஸ் காட்டுக்கு அந்தப் பாரம் தாங்காது. புல் ஒருதரம் சாய்ந்தால் மறுதரம் நிமிர யோசிக்கும். மழை நின்று நின்று பெய்யும். "விக்குது பாவம், தண்ணி குடுங்க" என்று நீங்கள் சிரிப்பீர்கள். நீங்கள் போன நாளிலிருந்து நான் அதை அணைத்து வைத்திருந்தேன்.

மாரி தொடங்கிய கிழமை நானே அதைப் போட்டேன். பூனை எங்கிருந்தோ வந்து அதற்குப் பின்னால் படுத்தது.

துக்கம் விசாரிக்க வந்த பெண்கள் திகைத்துப் போனார்கள். "என்னகா இது, மவுத்து ஊட்டில படம் ஓடுது?" என்று ஒருத்தி கேட்டா. ராத்தாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அவட மெஷின் பழுது, நிப்பாட்ட ஏலாமக் கிடக்கு" என்று சமாளித்தா. நான் விடவில்லை. "பழுதில்ல. நான்தான் போட்டிரிக்கன்" என்றேன். அவர்கள் போன பிறகு ராத்தா என்னைப் பிடித்துக்கொண்டா.

"ஒனக்கு என்ன புள்ள வந்த? அந்தப் படத்தப் பாத்தா எனக்கு அந்தக் காலைதான் நெஞ்சுக்க வருது. நிப்பாட்டன்."

"எனக்கும் அதுதான் வருது. அதுக்குத்தான் போட்டிரிக்கன்."

அவ பிறகு கேட்கவில்லை. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் திரையைப் பார்த்திருந்துவிட்டு, "இந்த ஊர்ல ஒரு மனிசரையும் காணல்லியே" என்றா. உண்மைதான், அந்தப் பள்ளத்தாக்கில் ஆளே இல்லை. அதனால்தானோ உங்களுக்கு அது பிடித்திருந்தது? கேட்க நினைத்து ஒருநாளும் கேட்கவில்லை.

இத்தாவிலும் நான் வேலை செய்தேன் என்பதையும் ஊர் அறியட்டும். போனில் கேட்டவர்களுக்கு உள்ளறையில் இருந்தே காட் அடித்துக் கொடுத்தேன். "இத்தாக்காரி கலியாணக் காட் அடிக்கிறதா?" என்று ராத்தாவுக்கு இன்னொரு கவலை. அந்தக் கலியாணங்கள் எல்லாம் நன்றாகத்தான் நடந்தன.

இத்தா முடிந்த அன்று துஆ ஓதி, வந்தவர்களுக்குச் சோறு கொடுத்து அனுப்பினேன். றியாஸிடம் இருந்து திறப்பை ராத்தா வாங்கித் தந்தா. கடைக்கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறிய அந்த வாடையை என்னவென்று சொல்ல? நனைந்த சாக்கை மூட்டையாகக் கட்டி வைத்தால் வருமே, அது. சீலைகளை இழுத்தெடுத்தேன். ஒவ்வொன்றாக அழுத்தினேன். ஒன்று மூச்சே விடவில்லை. ஒன்றில் காற்றாடி அரைச் சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது. தெருவைப் பார்த்து நிற்கும் பெரிய மெஷினை, நீங்கள் குழந்தை மாதிரித் துடைத்து வைத்திருந்ததை, மூடியைக் கழற்றிப் பார்த்தேன். வயர் பொருத்தும் இடமெல்லாம் பச்சை பூத்திருந்தது. கிராபிக்ஸ் காட்டைக் கழற்றி, நீங்கள் செய்வது போல அழிறப்பரால் அதன் பற்களை உரசினேன். ஸஹ்ராவின் தலை காயவைக்கும் மெஷினால் சூடு காட்டினேன். மறுபடி போட்டு அழுத்தினேன். ஒரு சிணுக்கம்கூட இல்லை.

அப்போதுதான் அழுதேன். உங்களை எடுத்துக்கொண்டு போனபோது வராத அழுகை அது. உங்கள் மேல் கோபம் வந்தது, றியாஸ் மேல் வந்தது, திரைச்சீலை மேல் வந்தது. கோபம் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது என்று உங்களுக்குத் தெரியும். உள்ளறைக்குப் போய் என் கிழட்டு மெஷினைக் கழற்றித் தூக்கிவந்தேன். ராத்தா ஒரு பக்கம் பிடித்தா. பெரிய திரையையும் மேசைத் திரையையும் அதில் கொளுவி, பெரியதைத் தெருவைப் பார்க்க வைத்துவிட்டு, உங்கள் கதிரையில் இருந்தேன். ஈரத்தில் கிடக்காமல் மாரி முழுக்க ஓடிக்கொண்டே இருந்தது அது ஒன்றுதான். எழும்பி நின்றதும் அது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் முதல் வந்தது பாண்டிருப்பிலிருந்து வருகிற ரீச்சர். பள்ளிக்கூடத் தவணைக் கேள்வித்தாள் அடிக்க எப்போதும் நம்மிடம்தானே வருவா. என்னைக் கதிரையில் கண்டதும் என் கையைப் பிடித்தா. பிறகு திரையைப் பார்த்தா.

"ஓடுது, என்ன? ஆனா தட்டித் தட்டி ஓடுது."

"ஓம் ரீச்சர். பழைய மெஷின்."

"அவர் இருக்கக்குள்ள இதுல ஒரு அருவி வரும். நான் தாள் எடுக்க வந்தா அது வருமட்டும் நிண்டு பாத்திட்டுத்தான் போவன். இண்டைக்கும் வருமோ?"

"வரும். சுணங்கும்."

அவ சுவரோர வாங்குப் பலகையில் இருந்தா. இரண்டு பேரும் காத்திருந்தோம். முன்பென்றால் ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரத்துக்குள் வந்துவிடும் அருவி, அன்றைக்கு மலையைச் சுற்றி, மழையில் நின்று, புல்லில் விக்கி, வருவதாகவே தெரியவில்லை. ரீச்சர் எழும்பவில்லை. வந்தபோது துண்டு துண்டாகத்தான் விழுந்தது. அவ திருப்தியோடு கேள்வித்தாளை எடுத்துக் கையில் தந்தா.

ஸஹ்ரா யுனிவர்சிட்டி கெம்பஸிலிருந்து போன் எடுத்தாள். சொன்னேன். உங்கள் மகள் அல்லவா, உடனே வழி சொன்னாள். "உம்மா, செட்டிங்கக் குறைங்க. புல்லயும் நிழலயும் குறைச்சா விக்காம ஓடும்."

"கொறைக்க மாட்டன்."

"ஏன் உம்மா?"

"ஒன்ட வாப்பா உச்சத்தில வச்சது உச்சத்திலயே இருக்கட்டும்."

போனிலேயே அவள் சிரித்தாள். உங்களுக்குப் பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

இனி றியாஸ் வந்த கதை. அன்று பின்நேரம், அசர் தொழுதுவிட்டு வந்தார். தனியாக வரவில்லை. போன் கவர் விற்கிற ஒருவரையும் கூட்டிவந்தார். முன்னறையை வாடகைக்கு விட்டால் எனக்கு ஒரு வருமானம், வீட்டோடு நிம்மதியாக இருக்கலாம் என்று அவர் நினைப்பு. கெட்ட எண்ணமில்லை. அந்த ஆள் வந்ததும் வராததுமாக அளவு நாடாவை எடுத்துச் சுவரில் பிடித்தார்.

"தம்பி, ஆர் இவரு?"

"மதினி, நான் ஒங்கட நல்லதுக்குத்தான்... பொம்புள தனிய கடையில இரிக்க ஏலுமா? ஊர் என்ன செல்லும்?"

"இது என்ட உம்மா எனக்குத் தந்த ஊடு. ஒங்கட காக்கா கலியாணம் முடிச்சு இந்த ஊட்டுக்குத்தான் வந்தாரு. இந்த அறைக்கும் நான்தான் சொந்தக்காரி. நான் இரிக்க ஏலாத கடையில வேற ஆர் இரிக்கிற?"

நம்முடைய பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். காலங்காலமாக அப்படித்தான். நாலு பேருக்கு முன்னால் அதை எடுத்துச் சொல்லத்தான் யாருக்கும் வாய் வருவதில்லை. எனக்கு அன்றைக்கு வந்தது. நாடாக்காரர் நாடாவைச் சுருட்டிக்கொண்டார்.

றியாஸ் பதில் சொல்ல வாய் திறந்தார். அப்போதுதான் மேசையில் நான் மறுபடி கழற்றி வைத்திருந்த கிராபிக்ஸ் காட்டைக் கண்டார். பிறகு பெரிய மெஷினின் திறந்த வயிறு. கிட்டப் போய்க் குனிந்தார். பச்சையை விரலால் தொட்டார். விரலைப் பார்த்தார்.

"எல்லாமா மதினி?"

"எல்லாம். உள்ளறையில ஓடினது மட்டும் மிச்சம்."

அவர் அப்படியே வாங்கில் இருந்துவிட்டார். "காக்கா எனக்குச் சென்னாரு" என்றார். "எனக்குத்தான் சென்னாரு. நீங்களும் சென்னீங்க. நான் மரியாதைக்கெண்டு மூடினன், அல்லாஹ்வே." வயல்காரக் கை, முகத்தை மூடிக்கொண்டது. நாடாக்காரர் ஸலாம் சொல்லிவிட்டு மெல்ல நழுவினார்.

எனக்கு அவர் மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. தேத்தண்ணி கொடுத்தேன். குடித்துவிட்டு, கண்ணாடிப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த பள்ளத்தாக்கைக் கையால் காட்டினார்.

"ஓடட்டும் மதினி. மெஷினுக்கு நல்லதெண்டா ஓடட்டும். ஆரும் கேட்டா நான் பதில் செல்றன், ஈரத்துக்குத்தான் போட்டிரிக்கு எண்டு."

அங்கேயே விட்டிருக்கலாம். நான் கேட்டது கிடைத்துவிட்டது. கடையும் எனக்கு, பள்ளத்தாக்கும் எனக்கு, மச்சினனும் என் பக்கம். ராத்தா கதவுக்குப் பின்னால் இருந்து, ஓம் எண்டு சொல்லு என்று கண்ணைக் காட்டினா. ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் நின்று மாரி முழுக்க நான் காரணம்தான் சொன்னேன். ஈரம் என்றேன், உப்பு என்றேன், பழுதாகும் என்றேன். கவலையில் கதைக்கிறாள் என்றார்கள். இப்போது பச்சை பூத்த பிறகு காரணம் எல்லோருக்கும் விளங்குகிறது. ஒரு பெண் ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டால் அதற்கும் துருவைக் காட்டித்தான் அனுமதி வாங்க வேண்டுமா? நாளைக்கு ஈரம் ஏறாத மெஷின் ஒன்று வந்தால் அணைக்கச் சொல்வார்களா?

"இல்ல தம்பி" என்றேன். "ஈரத்துக்கு எண்டு ஆருக்கும் செல்லாதீங்க."

"அப்ப என்னத்துக்கு எண்டு செல்ற?"

நீங்கள் சொல்வது போலவே சொன்னேன். "தேவைக்கா போடுறம்?"

றியாஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் வாயில் உங்கள் குரல் கேட்டிருக்கும். திரைப்பக்கம் திரும்பினார். இத்தனை வருசம் கடைக்கு வந்து போன மனிசன், அந்தப் பள்ளத்தாக்கை அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"மதினி, இது என்ன புல்லு?"

"தெரியா."

"இவ்வளவு மழைக்கு இந்நேரம் சாஞ்சு கிடக்கோணும். இது திரும்ப எழும்புதே. காத்தும் ஒரு பக்கத்தாலதான் அடிக்குது. இப்பிடி ஒரு வயல்..." அவர் முடிக்கவில்லை. விக்கி விக்கி ஓடுகிற புல்லை, விளைச்சல் பார்க்கிற கண்ணோடு பார்த்துக்கொண்டே இருந்தார். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் எழும்பினார்.

இப்போது நற்பிட்டிமுனை வயலுக்குப் போகிற வழியில் சைக்கிளைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்துவார். உள்ளே வரமாட்டார். ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு கொஞ்சம் பார்ப்பார். "இண்டைக்கு மழையா?" என்று வெளியிலிருந்து கேட்பார். "ஓம், மழை" என்பேன். போய்விடுவார். யாராவது அவரிடம், உங்கட மதினி ஏன் இதைப் போட்டுவைத்திருக்கிறா என்று கேட்டால், தேவைக்கா போடுறம் என்கிறாராம். ராத்தா தலையில் கை வைத்துக்கொண்டு வந்து சொன்னா.

ஊருக்கு இன்னும் கதை முடியவில்லை. புருசன் மவுத்தான அன்று ஓடிய படத்தையே தெருவுக்குக் காட்டிக்கொண்டு இருக்கிறாளே, இவளுக்கு மனம் கல்லா என்று கேட்கிறார்களாம். கேட்கட்டும். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குக் கலியாண வீடியோ இருக்கிறது, அது எடுத்து வைத்ததைத் திருப்பிக் காட்டும். பள்ளத்தாக்கில் பெய்கிற மழை இன்றைக்குப் பெய்கிற மழை. நீங்கள் பார்த்து முடித்த இடத்திலிருந்து மிச்சத்தை நான் பார்க்கிறேன். இதில் கல்லும் இல்லை, வெட்கமும் இல்லை.

சில வேளை, வேலை இல்லாத மத்தியானத்தில், கையை வேண்டுமென்றே மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன். கொஞ்ச நேரத்தில் மேசைத் திரையிலும் மலை வரும். அன்றைக்கு உங்களுக்கு முன்னால் வந்த மாதிரி. பயமில்லை. பூனை காலடியில் கிடக்கும். ஏன் கூப்பிடாமல் போனீர்கள் என்று மட்டும் கேட்பேன். இன்னொரு குரல் கொடுத்திருந்தால் தேத்தண்ணியைப் போட்டுவிட்டு ஓடி வந்திருப்பேனே? அதற்கு நீங்கள் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

சரி, வாக்கு ஒன்று தருகிறேன். பழுதான மெஷின்களை ஒவ்வொன்றாக நானே எழுப்பப் பார்ப்பேன், எழும்பாததை விட்டுவிடுவேன். கதிரையை விடமாட்டேன். செட்டிங்கைக் குறைக்கமாட்டேன். நாட்டில் கரண்டுக்குத் தட்டுப்பாடு வந்தால் நீங்கள் செய்தது போல நானே அணைப்பேன், மற்றபடி யார் சொல்லியும் அணைக்கமாட்டேன். ஒருநாள் என் கையும் மவுஸை விட்டு எடுபடும். அன்றைக்கும் யாரும் தொடாமலே பள்ளத்தாக்கு வரும். அதை அணைக்க யார் வருகிறார்களோ அவர்கள் முதலில் அருவி வருமட்டும் நின்று பார்க்கட்டும் என்று மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பார்த்த பிறகு அணைக்க மனம் வந்தால் அணைக்கட்டும்.

உங்களோடு இன்னும் கோபம் ஆறாத,
ஸஹ்ராவின் உம்மா